பாலைக்குடா கொண்டுபோன சத்தம்

பாலைக்குடாச் சனம் ஊரைவிட்டுப் போனபோது பாயையும் பானையையும் வலையையும் கோயில் சொரூபத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள், போகிற போக்கில் தங்கள் விளையாட்டு மைதானத்தின் சத்தத்தையும் கொண்டுபோய்விட்டார்கள். வேண்டுமென்று செய்த காரியமல்ல. வெளிக்கிடுகிற அவசரத்தில், அந்த ஊர்க் கழகமான நங்கூரத்துக்கு ஒரு காலத்தில் முன்வரிசையில் ஆடிய மொறிஸ் என்பவன் கோல் வாசல் மண்ணில் கொஞ்சம் அள்ளி ஒரு பால்மாத் தகர ரின்னில் போட்டு மூடிக்கொண்டான், அவ்வளவுதான். வள்ளத்திலும் அகதி முகாமிலும் களவாகப் போன கப்பலிலும் அந்த ரின் அவனோடு இழுபட்டு, கடைசியில் நோர்வேயின் வடகரையில், பெயர் வாய்க்குள் நுழையாத ஒரு மீன்பட்டினத்தில் போய் இறங்கியது. ஒருவர் பின் ஒருவராக ஊரின் மிச்சச் சனமும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. அங்கே மீன் வெட்டுகிற தொழிற்சாலை இருந்தது, மீன் எந்த நாட்டிலும் மீன்தானே.

சத்தம் போனதைக் கண்டுபிடித்தது பக்கத்து ஊரான ஓராத்துறை. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சின்னக் கடல்நீர்க் களப்பும் ஒரு பெரிய பகையும் கிடந்தன. பகைக்குக் காரணம் பந்து. ஓராத்துறையின் வெள்ளிமீன் கழகமும் பாலைக்குடாவின் நங்கூரமும் மோதுகிற நாளில் சம்பந்திகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள், பாலைக்குடாவில் வாழ்க்கைப்பட்ட ஓராத்துறைப் பெண்கள் தாய் வீட்டுக்கு வந்து உலை வைப்பார்கள், பங்குச் சாமியார் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார். அப்படிப்பட்ட ஓராத்துறையான் ஒருவன், ஆளில்லாத பாலைக்குடாவுக்கு ஆடு தேடிப் போய் மைதானத்துக்குள் கால் வைத்தபோது தன் செருப்புச் சத்தம் நின்றுவிட்டதைக் கண்டான். ஆட்டைக் கூப்பிட்டான், வாய் திறந்தது, குரல் வரவில்லை. கோல் கம்பத்தில் இருந்த காகம் அலகைத் திறந்து திறந்து மூடியது, அதுவும் கேட்கவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் எல்லாம் பழையபடி கேட்டது.

ஓராத்துறை கொஞ்ச நாள் பயந்தது, பிறகு பழகிவிட்டது. இரவு முழுக்கத் தூங்கவிடாத கைக்குழந்தைகளைத் தாய்மார் பகலில் அங்கே கொண்டுபோய் அழவிட்டார்கள், பிள்ளையும் அழுது களைத்தது, தாயும் நிம்மதியாக இருந்தாள். புருஷன் பெண்சாதிச் சண்டைகளும் அங்கே போயின, அயலுக்குக் கேட்காது, ஒருவர் சொல்வது மற்றவருக்கும் கேட்காது, அதனால் அவை கெதியாகவே முடிந்தன. வாயைத் திறந்தால் உயிருக்கு மோசம் என்றிருந்த காலம் அது, எல்லாப் பக்கத்திலும் ஆயுதம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், எல்லாப் பக்கத்துக்கும் காது இருந்தது. ஆகவே சொல்லக்கூடாததைச் சொல்ல வேண்டியவர்களும் அங்கேதான் போனார்கள், மனதில் அடைத்துக் கிடந்ததை நடுமைதானத்தில் நின்று கத்திக் கொட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு தின்றார்கள். அங்கே போனவனை என்ன சொன்னாய் என்று கேட்பதில்லை என்பது ஊரில் எழுதாத சட்டமாயிற்று.

அங்கே போகாத ஒரே ஆள் சந்தியாப்பிள்ளை. அவர் வெள்ளிமீனின் பழைய கீப்பர். இளவயதில் ஒருமுறை, அதே பாலைக்குடா மைதானத்தில், மொறிஸ் அடித்த ஒரு சோம்பேறிப் பந்து, பாற்பல் விழாத பிள்ளைகூடப் பிடிக்கிற பந்து, அவருடைய இரண்டு கைக்கும் நடுவால் நழுவிக் கோலுக்குள் போனது. அன்றிலிருந்து பாலைக்குடா அவரை ஓட்டைக்கை என்றுதான் கூப்பிட்டது, சந்தையில் ஓட்டைக்கை, செத்தவீட்டில் ஓட்டைக்கை, அவருடைய கலியாணத்தில் வாழ்த்துச் சொல்ல வந்தவன் வாயிலும் ஓட்டைக்கை. இனிச் செத்தாலும் அந்த மைதானத்தில் கால் வைப்பதில்லை என்று அவர் சத்தியம் பண்ணினார். பிறகு மகன் பொஸ்கோ பிறந்தான், அவனுடைய கைகளைப் பார்த்துவிட்டு, சத்தியத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பழி தீர்க்கிற வேலையை அவனிடம் கொடுத்துவிட்டார்.

பொஸ்கோவுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது பிடிப்பதை அல்ல, கத்துவதைத்தான். உயரப் பந்து வரும்போது தன் பக்கத்துத் தடுப்புக்காரனும் கீப்பரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மோதிக்கொள்வது வழக்கம், அதற்காகக் கீப்பர் "விடு!" என்று கத்துவான். என்ர பந்து, நீ விலகு என்பது அதன் பொருள். "வெட்டிச் சொல்லு, இழுக்காதை," என்பார் சந்தியாப்பிள்ளை. "ஒருக்காத்தான் சொல்லவேணும். ரெண்டு தரம் கத்தினா நீ பயந்திட்டாய் எண்டு எதிராளிக்குத் தெரிஞ்சிடும்." பொஸ்கோவின் "விடு" கத்தியால் கயிற்றை அறுத்ததுபோல் இருக்கும். கடற்கரையில் மீனை ஏலம் கூறுகிறவர்கள்கூட அதைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பாலைக்குடாச் சனம் இன்னும் ஊரில் இருந்த காலம், நங்கூரத்தோடு அவர்கள் மைதானத்தில் நடக்கவிருந்த இறுதியாட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் பொஸ்கோ சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலைக்குடாவுக்குப் போனான். கோல் வாசல் மண் எப்படிக் கிடக்கிறது, பந்து விழுந்தால் எழும்புமா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிள் கோல் கம்பத்தில் சாத்தியபடி நின்றது. சந்தியாப்பிள்ளை பாலைக்குடாவில் வாசல் வாசலாக ஏறி இறங்கினார், அந்த மைதானத்தின் ஓரத்தில்தான் அவர்கள் அத்தனை பேரும் கிழிந்த வலை பொத்துகிறவர்கள், ஆனாலும் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள், நாங்கள் காணேல்லை. காணவில்லை என்றால் ஆமிக்காரன்தான் என்று ஊர் முடிவு கட்டியது. அவர் ஆமி முகாம் வாசலில் போய் நின்றார். வருஷக்கணக்காக நின்றார், தலை நரைக்கும்வரை நின்றார், உள்ளே இருந்தவர்கள் மாறி மாறி வந்து இல்லை என்று சொன்னார்கள். கொஞ்ச நாளில் பாலைக்குடாவும் ஊரைவிட்டுப் போய்விட்டதால் கேட்பதற்கு வேறு யாரும் மிஞ்சவில்லை.

பொஸ்கோவின் தாய் றீற்றம்மா மகன் செத்தான் என்பதை ஏற்கவில்லை. ஆத்துமாக்கள் தினத்துக்குச் சாமியார் இறந்தவர்களின் பெயர் கேட்கும்போது தன் தாயின் பெயரைச் சொல்வாள், தகப்பனின் பெயரைச் சொல்வாள், அதோடு வாயை மூடிக்கொள்வாள்.

அங்கே வடகரைப் பட்டினத்தில் மொறிஸும் மற்றவர்களும் குளிருக்குப் பழகி, வேலைக்குப் பழகி, பழக முடியாத ஒன்றே ஒன்றுக்காக, பந்தில்லாத ஞாயிறுக்காக, திரும்பவும் நங்கூரத்தைத் தொடங்கினார்கள். இளைஞர்கள் தெற்கே போய்விட்டதால் அந்தப் பட்டினத்தின் சொந்தக் கழகம் செத்து, அதன் மைதானம் படிக்கட்டு இருக்கைகளோடு சும்மா கிடந்தது. நகரசபை அதை இவர்களிடம் கொடுத்தது. மொறிஸ் பால்மா ரின்னைத் திறந்து வடபக்கக் கோல் வாசலில் புல்லைக் கிளப்பி மண்ணைக் கொட்டினான். முதல் ஆட்டத்தில் இருக்கையில் இருந்தது முப்பது நாற்பது பேர், ஆனால் ஓர் ஊரே கத்திற்று. செத்தவர்கள் கத்தினார்கள், உயிரோடு இருப்பவர்கள் தங்கள் இளமைக் குரலில் கத்தினார்கள், எப்போதோ செத்துப்போன நாயொன்று பந்துக்குக் குரைத்தது.

அந்தச் சனமும் பழகிக்கொண்டது. ஒவ்வொரு குரலும் எப்போதும் அதனதன் இடத்திலிருந்தே வந்தபடியால் அவரவர் தங்கள் ஆளின் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். செலஸ்ரீனா என்ற விதவை, புருஷனின் சீழ்க்கை கேட்கிற மூலையில் ஒவ்வொரு ஞாயிறும் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மத்தியஸ்தரைத் தாய்வழி தகப்பன்வழியாக இழுத்துத் திட்டுகிற தன் பழைய குரலைக் கேட்டு, பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் மொறிஸ் கூனிக் குறுகினான். ஊரில் எப்போதோ ஊதிய விசில் நினைத்த நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தியதால், மத்தியஸ்தராக வந்த வெள்ளைக்காரர் விசிலைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூட மணியொன்றைக் கையில் கொண்டு ஓடினார். ஆளில்லாத மைதானத்தில் இரைச்சலாக இருக்கிறது என்று அயல்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்ய, நகரசபையிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து அளந்து, இது இவர்களுடைய பண்பாட்டு நிகழ்ச்சி என்று முடிவு சொல்லிப் போனார்.

தொல்லை கொடுத்தது ஒரே ஒரு குரல். வடபக்கக் கோலுக்கு உயரப் பந்து வரும்போதெல்லாம், வாசல் நடுவிலிருந்து ஒரு பொடியன் "விடு" என்றான். நங்கூரத்தின் தடுப்புக்காரர்கள் தங்கள் கீப்பர்தான் என்று நினைத்து விலகினார்கள், பந்து கோலுக்குள் போனது. இப்படியே ஒரு பருவம் முழுக்கத் தோற்ற பிறகு மொறிஸ் ஒரு வழி கண்டான். தமிழ் தெரியாத பிள்ளைகளைத் தேடித் தடுப்பில் நிறுத்தினான். பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அதுவரை சபையில் தலை குனிந்திருந்த பெற்றோர் அதன் பிறகு நிமிர்ந்து நடந்தார்கள்.

அந்த "விடு"வின் செய்தி கடல் கடந்து ஓராத்துறைக்கு வந்தபோது, அது யாருடைய கத்தல் என்று கண்டுகொண்ட ஊர் முதலில் வெடி கொளுத்தியது. பொஸ்கோ இன்னும் பாலைக்குடாவைத் தோற்கடிக்கிறான் என்று பொடியள் மோட்டார்சைக்கிளில் சுற்றினார்கள். றீற்றம்மா வெடி ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் அங்க போங்கோ."

"அது அவையின்ர கிறவுண்ட், றீற்றா."

"ஆரின்ர கிறவுண்டா இருந்தா என்ன. பிள்ளை கத்துறானெல்லே. விடு எண்டு சொல்லுறவன் பந்தைப் பிடிக்கப் போறவன். பிடிக்கப் போறவனுக்கு ஒண்டும் நடந்திருக்காது. போய் உங்கட காதால கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ. அவன் இல்லையெண்டா, அதையும் சொல்லுங்கோ. சாமியாரிட்டப் பேரைக் குடுக்கிறன்."

மகள் கொன்சி ஒஸ்லோவில் இருந்தாள். பேத்தி கோயிலில் முதல் நன்மை வாங்குகிற நாளுக்கு வா வா என்று பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அழைப்பு அனுப்பினாள். சந்தியாப்பிள்ளை போனார், நன்மைக்கு நின்று படம் எடுத்துக்கொண்டார், அடுத்த நாளே வடக்குக்கு விமானம் ஏறினார். குளிருக்கு மகள் வாங்கிக் கொடுத்த தடித்த ஜாக்கெட்டுக்குள் வெள்ளிமீனின் பழைய சட்டையைப் போட்டிருந்தார். எதிரியின் கோட்டைக்குப் போகிறவன் கொடியில்லாமல் போகக்கூடாது.

விமான நிலையத்தில் மொறிஸ் நின்றான். தலை வழுக்கை, முழங்கால் வளைந்து, ஆனாலும் மொறிஸ்தான்.

"வாங்கோ சந்தியா அண்ணை. பயணம் சுகமோ?"

அவ்வளவுதான் சொன்னான். ஓட்டைக்கை என்று சொல்லவில்லை. அவனுடைய பெண்சாதி திருக்கைக் கறியும் புட்டும் வைத்தாள், அயலிலிருந்து பாலைக்குடாச் சனம் வந்து வந்து அவரைப் பார்த்தது, இருங்கோ என்றது, சாப்பிட்டனீங்களோ என்றது, ஒருவர் வாயிலும் அந்தப் பட்டப்பெயர் வரவில்லை. கேலி செய்யாத பாலைக்குடாவைச் சந்தியாப்பிள்ளை வாழ்நாளில் முதல் தரம் கண்டார். அவருக்குக் கறி இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கால் வைக்கும்போது சத்தியம் நினைவுக்கு வந்தது, பிள்ளைக்காக உடைத்த சத்தியத்தை ஆண்டவர் கணக்கில் எடுக்க மாட்டார் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். நங்கூரத்தின் பச்சைச் சட்டைகளுக்கு நடுவில் முன்வரிசையில் இருத்தினார்கள். ஆட்டம் தொடங்கியது, ஊர் கத்தியது, செத்துப்போன, வலை இழுத்த கம்மாக்காரரும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரும் அவருக்குத் தெரிந்த குரலில் கத்தினார்கள். பிற்பாதியில் எதிரணிக்காரன் ஒருவன் ஓரத்திலிருந்து பந்தை உயரத் தூக்கினான். பந்து வடபக்கக் கோலுக்கு மேலே வந்தபோது அவர் கேட்டார்.

"விடு"

பொஸ்கோதான். பெற்றவருக்குச் சந்தேகமில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அவருடைய வயிறு குளிர்ந்தது, கண் நிறைந்தது, எழும்பி நிற்கப் பார்த்தார். ஆனால் அவர் எழும்புவதற்கு முன்னமே முழு இருக்கையும் எழும்பிவிட்டது. "நங்கூரம்! நங்கூரம்!" என்று கிழவன் கிழவி எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினார்கள், செலஸ்ரீனா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள், மொறிஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினான். கொஞ்ச நேரத்தில் அப்படியே அடங்கி உட்கார்ந்துவிட்டார்கள்.

சந்தியாப்பிள்ளை பந்தோடு பிறந்து வளர்ந்தவர். சனம் எதற்குக் கத்தும், எதற்குக் கத்தாது என்பது அவருக்குத் தெரியும். பந்து எதிராளியிடம் இருக்கும்போது, கோலும் விழாதபோது, தங்கள் பெயரைச் சொல்லி யாரும் கத்துவதில்லை. அதற்கு மேல் இன்னொன்றும் அவரை அரித்தது. மகனின் "விடு" வெட்டி நிற்கவில்லை. அதற்கு ஒரு வால் இருந்தது, அந்த வாலைத்தான் இந்தச் சனம் கத்தி மூடியது.

"ஏன் மொறிஸ் அந்த நேரம் கத்தினனீங்கள்?" என்று அன்றிரவு சாப்பாட்டில் கேட்டார்.

"அது எங்கட பழக்கம் அண்ணை."

"ஊரில இப்பிடிப் பழக்கம் இருக்கேல்லையே."

மொறிஸ் எழும்பிப் போய்க் கை கழுவினான். அண்ணைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று உள்ளே சொல்லிவிட்டுத் திரும்பி வராமலே படுத்துவிட்டான்.

வேலை நாளொன்றில், மழை தூறிக்கொண்டிருந்த பின்னேரம், தொழிற்சாலை விட்டு வந்தவனைச் சந்தியாப்பிள்ளை வாசலிலேயே மறித்தார். கையில் பந்து. மொறிஸின் பேரனுடையது. முன்னே நடந்தார், மொறிஸ் பின்னே போனான். மைதானத்தில் ஒருவரும் இல்லை. சந்தியாப்பிள்ளை ஜாக்கெட்டைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, வெள்ளிமீன் சட்டையோடு வடபக்கக் கோல் வாசலில் போய் நின்றார்.

"ஓரத்தில இருந்து தூக்கியடி."

"வேண்டாம் அண்ணை. கேட்டது போதும். நல்ல பிள்ளை, கத்தினான், பிடிச்சான். அதோட விடுங்கோ."

"அடி எண்டுறன்."

மொறிஸ் அடித்தான். பந்து நிலத்தோடு உருண்டு வந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சந்தியாப்பிள்ளை அதை எடுத்துத் திருப்பி எறிந்தார். "நீ உருட்டியடிச்சு ஒருக்கா என்னை ஊர் சிரிக்க வைச்சனி. உயர்த்தியடி மொறிஸ். கும்பிட்டுக் கேக்கிறன்."

கும்பிட்டும் விட்டார், உண்மையாகவே, மழைக்குள் இரண்டு கையையும் கூப்பி. அதைப் பார்த்த மொறிஸ் பின்னால் போய், ஓடி வந்து, வளைந்த முழங்காலால் பந்தைத் தூக்கினான். பந்து கறுத்த வானத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. சந்தியாப்பிள்ளை கைகளை உயர்த்தினார். காதோரத்தில், தோளோடு தோள் நிற்கிற தூரத்தில், மகன் பேசினான்.

"விடுங்கோ. விடுங்கோ அண்ணை. நாளைக்கு மட்ச் இருக்கு."

பந்து அவருடைய இரண்டு கைக்கும் நடுவால் விழுந்து கோலுக்குள் உருண்டு போனது.

தன் பக்கத்துத் தடுப்புக்காரனை எந்தக் கீப்பரும் "விடுங்கோ" என்று சொல்வதில்லை. பந்து வருகிற நேரத்தில் மரியாதைக்கு இடமில்லை. அந்த "ங்கோ" வேறு யாருக்கோ. அதன் பிறகு வந்த "அண்ணை" என்ற சொல்லில் மனம் போய் நின்றபோதுதான் சந்தியாப்பிள்ளை ஈரப்புல்லில் இருந்துவிட்டார். ஆமிச் சீருடைக்காரனை அந்தக் காலத்துப் பிள்ளைகள் சேர் என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணை என்று கூப்பிட்டால் அது நம்மவருக்குள்ளேயே ஆயுதம் வைத்திருந்தவன், தமிழ் தெரிந்தவன், ஊர் தெரிந்தவன், அண்ணை என்றால் விடுவான் என்று பிள்ளை நம்பக்கூடிய ஒருவன். முகாம் வாசலில் தலை நரைத்த அத்தனை வருஷமும் அவர் பிழையான கதவைத் தட்டியிருக்கிறார்.

மொறிஸ் பக்கத்தில் வந்து நின்றான். யார் என்று அவர் கேட்கவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"நீங்கள் அவ்வளவு பேரும் அதில நிண்டு வலை பொத்தினனீங்களெல்லே?"

"ஓம் அண்ணை."

"கேட்டதோ?"

"கேட்டது." மொறிஸ் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அண்டைக்கு ஒருத்தரும் கத்தேல்லை அண்ணை. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அதுதான் இப்ப கத்துறம்."

அவனை அடிக்க வேண்டும் என்று சந்தியாப்பிள்ளைக்கு இருந்தது, அந்தச் சனம் முழுவதையும் வரிசையில் நிறுத்தி அடிக்க வேண்டும் என்று இருந்தது, கை எழும்பவில்லை. ஓட்டைக்கை என்று அவன் ஒரு தரம் சொல்லியிருந்தாலாவது எழும்பியிருக்கும். அவன் சொல்லவில்லை. கம்பத்திலிருந்து அவருடைய ஜாக்கெட்டை எடுத்து வந்து, குனிந்து அவர் தோளில் போட்டுவிட்டு, பந்தைப் பொறுக்கப் போனான்.

றீற்றம்மாவுக்கு என்ன சொல்வது என்பது மட்டும் அவருக்கு மிஞ்சியது. அவளோ சொல்வதைக் கேட்கிறவளாக இல்லை. ஞாயிறு ஆட்டத்துக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு எடுக்கச் சொல்லி, ஊரைக் கூட்டி, போனை நடு முற்றத்தில் கதிரையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்த நேரம் சனம் கத்துது எண்டனீங்களெல்லே. கத்த வேண்டாமெண்டு சொல்லுங்கோ. எனக்கு என்ர பிள்ளையின்ர சத்தம் முழுக்கக் கேக்கவேணும்."

"சொல்லுறன்," என்றார் சந்தியாப்பிள்ளை.

சொன்னார். மொறிஸ் அதை வரிசை வரிசையாகக் கொண்டுபோனான். இண்டைக்கு ஒருவரும் கத்துவதில்லை, அண்ணையின் விருப்பம் என்னவோ அதுதான் என்று சனம் தலையாட்டியது. ஆட்டம் நடந்தது. பழைய விசில் ஊதியது, பழைய நாய் குரைத்தது, சந்தியாப்பிள்ளை போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார், அதற்குள்ளே ஓராத்துறை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவருக்குக் கேட்டது. பிற்பாதியில் பந்து ஓரத்துக்குப் போனது. காலொன்று அதைத் தூக்கியது. இருக்கையில் ஒருவரும் அசையவில்லை, செலஸ்ரீனா வாயில் சேலைத்தலைப்பை வைத்து அமுக்கினாள், பந்து உயரத்தில் நின்று, திரும்பி, இறங்கத் தொடங்கியது.

"விடு"

"நங்கூரம்!"

கத்தியது ஒற்றைக் குரல். ஓராத்துறையில் பிறந்து, வெள்ளிமீனுக்கு ஆடி, அந்தப் பெயரைக் கெட்ட வார்த்தையாகவே அதுவரை சொல்லிவந்த சந்தியாப்பிள்ளை, எழும்பி நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "நங்கூரம்! நங்கூரம்! நங்கூரம்!" என்று கத்தினார். கணநேரம் அவர் தனியாகத்தான் கத்தினார். பிறகு பின்னால் முழுச் சனமும் எழும்பி அவரோடு சேர்ந்தது, சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது, "ங்கோ"வும் அண்ணையும் நாளைய மட்சும் அதற்குள்ளே எங்கேயோ அமிழ்ந்துபோயின.

போனுக்குள் றீற்றம்மா அழுதாள், சிரித்தாள். "அவன்தான்! என்ர பிள்ளைதான்! கேட்டனான், வடிவாக் கேட்டனான்! ஆரந்த நாசமாப் போவான், உங்களுக்குப் பக்கத்தில நிண்டு கத்தினது?"

"இஞ்ச ஒரு கிழவன்," என்றார். "பாலைக்குடாக்காரன்."

"அவங்களுக்கு எப்பவும் எரிச்சல்தானே. சொல்லுங்கோ, பந்தைப் பிடிச்சானோ?"

"பிடிச்சான்."

"அப்ப மட்ச் முடிய வருவான்தானே."

"ஓம்," என்றார் சந்தியாப்பிள்ளை.

ஊர் திரும்பியவர் பின்னேரங்களில் களப்பைக் கடந்து ஆளில்லாத பாலைக்குடாவுக்குப் போகத் தொடங்கினார். கோல் வாசலில் நின்று வாயை அகலத் திறந்து எதையோ கத்துவதை ஆடு மேய்க்கிறவர்கள் காண்பார்கள், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதுபோலத் தெரியும், சத்தம் வராது. வெளிநாடுவரை போய் வந்தும் இந்த மனுஷனுக்கு நங்கூரத்தைத் திட்டித் தீரவில்லை என்று ஓராத்துறை பெருமையாகச் சொல்லிக்கொண்டது. என்ன சொன்னீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அந்த இடத்துக்கு அதுதானே வழக்கம்.

றீற்றம்மா மட்டும், பொஸ்கோவின் கையுறைகளைக் கொடியிலிருந்து எடுத்து உதறியபடி, அவர் படலையைத் திறக்கும்போது கேட்பாள்.

"இண்டைக்கும் மட்ச் முடியேல்லையோ?"

"இன்னும் இல்லை," என்பார். பிறகு கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார்.